பிள்ளை கை மாறும்போது வாய் திறந்து சொல்லணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். எனக்கு முன்னாடி பேசின அக்கா ஆடு வளர்ப்புக் கடன் பத்திப் பேசினாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தங்க புளி குத்திப் பாக்கெட் போட்டு வித்ததைப் பேசினாங்க. என்னைக் கூப்பிட்டு, "நீ லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய் வந்த கதையைச் சொல்லு"ன்னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. "இதெல்லாம் ஒரு விஷயமாக்கா, கூட்டத்துல சிரிப்பாங்க"ன்னு சொன்னேன். "சிரிக்கட்டும். ஆனா அன்னைக்கு நீ நம்ம குழுவுல அழுதது எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. அதனால சொல்றேன்.

எங்க ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். தை மாசம் ஆனா பழனிக்கு நடந்து போறவங்க எல்லாம் எங்க ரோட்டு வழியாத்தான் போவாங்க. ராப்பகலா ஜனம் போகும். கைப்பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போற பெண்களைச் சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன். பிள்ளையோட பயணம்னா அது ஒரு பெரிய காரியம்னு எனக்குத் தோணினதே இல்லை. எனக்கு ரெண்டு பிள்ளை பிறந்து, 2023 மே மாசம் திருச்செந்தூர் போனப்பத்தான் தெரிஞ்சது.

பையனுக்கு அப்ப ஏழு வயசு. பாப்பாவுக்கு மூணு. பாப்பாவுக்கு மொட்டை போடுறதா வேண்டுதல். பள்ளிக்கூடம் லீவு, மில்லுலயும் எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள் லீவு கிடைச்சது. ஒரே நாளில் போய் ஒரே நாளில் திரும்பிடணும்னு முடிவு. யார் முடிவு பண்ணினாங்கன்னு கேட்டா, யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலை. அப்படியே ஆயிப்போச்சு.

முதல் நாள் ராத்திரி நான் பதினோரு மணிக்குப் படுத்து ரெண்டரைக்கு எந்திரிச்சேன். புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, துணி மடிச்சு, பாப்பாவுக்குப் பால் காய்ச்சி பிளாஸ்க்ல ஊத்தி, ரெண்டு கட்டைப்பை, ஒரு தூக்குவாளி, ஒரு தண்ணி கேன் எல்லாம் கட்டி வச்சேன். எங்க அத்தை சாமி கும்பிட்டு விளக்கு வச்சாங்க. வீட்டுக்காரர் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் குளிச்சுச் சட்டை போட்டுக்கிட்டு, "இன்னும் கிளம்பலையா"ன்னு கேட்டார். அப்ப நான் தலை சீவலை.

டவுன் பஸ் பிடிச்சு திண்டுக்கல் காமராஜர் பஸ் ஸ்டாண்டு. அங்க இருந்து மதுரை ஆரப்பாளையம். ஆரப்பாளையத்துல இருந்து இன்னொரு டவுன் பஸ்ல மாட்டுத்தாவணி. மாட்டுத்தாவணியில இருந்து திருச்செந்தூர். எண்ணிப் பாருங்க, போறதுக்கு மட்டும் நாலு பஸ். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பிள்ளை, நாலு பை, ஒரு வயசானவங்க. காலையில பாலைக் குடிச்ச பாப்பா மதுரை தாண்டுறதுக்குள்ள என் மடியிலேயே வாந்தி எடுத்துட்டா. பையன் கலர் வாங்கிக் கேட்டு அடம் பிடிச்சான், வாங்கிக் கொடுத்ததும் அவனும் எடுத்தான். மாத்துத் துணி எந்தப் பையில இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பை பஸ்ஸுல மேல இருந்தது.

நான் அன்னைக்குக் காலையில இருந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கலை. நம்ம பெண்கள் ஏன் குடிக்கிறதில்லைன்னு இங்க யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வழியில எங்க இறங்குறது, பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு இறங்குறது.

திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தப்ப உச்சி வெயில். கடற்கரை மணல்ல கால் வைக்க முடியலை. அங்கதான் அது நடந்தது.

மொட்டை போட்டு, கடல்ல முங்கி, நாழிக்கிணத்துல குளிச்சு எல்லாம் ஆச்சு. பையன் ஈரத்துணியோட நடுங்குறான்னு அவனைக் கூட்டிக்கிட்டு உடுப்பு மாத்தப் போனேன். பாப்பா எங்க அத்தை பக்கத்துல நின்னா. அதை என் கண்ணால பார்த்துட்டுத்தான் போனேன். எங்க அத்தை, பாப்பா அவ அப்பன்கிட்ட இருக்கான்னு நினைச்சாங்க, ஏன்னா அவர் ஒரு நிமிஷம் முன்னாடிதான் அவளைத் தூக்கி வச்சிருந்தார். அவர், பாப்பா என்கூட வந்துட்டான்னு நினைச்சார். நாங்க மூணு பேரும் திரும்ப ஒண்ணாச் சேர்ந்தப்ப, மூணு பேர் கையிலும் பாப்பா இல்லை.

அம்மாமார்களே, அந்தக் கடற்கரையில அன்னைக்கு எத்தனை மொட்டைத் தலைப் பிள்ளைங்க இருந்திருக்கும்? எல்லாப் பிள்ளையும் மொட்டை, எல்லாப் பிள்ளை தலையிலும் சந்தனம். எந்தப் பக்கம் பார்த்தாலும் என் பிள்ளை மாதிரியே இருக்கு. இன்னொரு பக்கம் கடல். காவல்துறை ஆளு ஒருத்தர் ஓடி வந்து, "என்ன கலர் உடுப்பும்மா"ன்னு கேட்டார். எனக்கு வாய் வரலை. காலையில பச்சைப் பாவாடை போட்டுவிட்டேன், வாந்தி எடுத்ததும் மாத்தினேன், குளிச்சதும் திரும்ப மாத்தினேன். என்ன கலர்னு எனக்கு நினைவு வரலை. பெத்த தாய்க்கு, தான் போட்டுவிட்ட உடுப்பு என்ன கலர்னு நினைவு வரலை.

இருபது நிமிஷம். சங்கு, சிப்பி மாலை விக்கிற ஒரு அம்மா அவளை மடியில உட்கார வச்சு, கையில ஒரு சிப்பியைக் கொடுத்து வச்சிருந்தாங்க. "அப்பா பேரு என்னன்னு கேட்டேன், அப்பாங்குது. எந்த ஊருன்னு கேட்டேன், அப்பத்தா வீடுங்குது. நான் என்ன தாயி பண்ணுவேன், நீங்களே தேடி வருவீங்கன்னு பிடிச்சு வச்சிருந்தேன்"னு சொன்னாங்க. அந்த அம்மா நல்லா இருக்கணும். அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு.

பிள்ளை கிடைச்ச உடனே எங்க வீட்டுக்காரர் அத்தனை ஜனத்துக்கு நடுவுல என்னைப் பார்த்து, "ஒரு பிள்ளையப் பார்க்கத் துப்பில்ல, உனக்கு வேற என்ன வேலை"ன்னு கேட்டுட்டார். பயத்துல சொன்னார்னு இப்ப எனக்குத் தெரியும். அன்னைக்குத் தெரியலை. திரும்பி வந்த நாலு பஸ்ஸுலயும் நான் ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்து மூணாம் நாள் எனக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும். ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "வெளியூர் போயிட்டு வந்தியா, தண்ணி குடிக்காம இருந்தியா"ன்னுதான்.

அந்த வாரக் குழுக் கூட்டத்துல சேமிப்பு வசூல் முடிஞ்சதும் இதைச் சொல்லி அழுதுட்டேன். எல்லாரும் ஆளுக்கு ஒரு கதை சொன்னாங்க. ஒருத்தங்க பிள்ளை வேளாங்கண்ணியில தொலைஞ்சு கிடைச்சது. ஒருத்தங்க கொடைக்கானல் போறப்ப வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினதுல இருந்து ரெண்டு பிள்ளையும் வாந்தி எடுத்து, அவங்க ஏரியைக் கண்ணால பார்க்கலை, பிள்ளை மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை, "லீவுன்னா பிள்ளைகளுக்கும் ஆம்பளைகளுக்கும்தான் லீவு."

அப்ப எங்க ஊக்குநர் அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க. "நம்ம குழுப் பணம் பேங்குக்குப் போறப்ப யாரு கொண்டுபோறா?"

"ரெண்டு பேரு"ன்னு சொன்னோம்.

"ஒருத்தி கையில இருந்து இன்னொருத்தி கைக்குப் பணம் மாறினா என்ன செய்வோம்?"

"எண்ணிக் கொடுப்போம், நோட்டுல எழுதுவோம், கையெழுத்து வாங்குவோம்."

"ஐந்நூறு ரூபாய்க்குக் கையெழுத்து வாங்குறோம். பிள்ளையைக் கை மாத்துறப்ப மட்டும் ஏண்டி யாரும் வாயே திறக்கிறதில்லை?"

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த ஒரே விஷயம். எங்க பிள்ளை தொலைஞ்சது யாரும் பார்க்காததால இல்லை. மூணு பேரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம். எல்லாரும் பார்க்கிற பிள்ளையை யாருமே பார்க்கலை. பெரியவங்க கூட இருக்க இருக்கப் பிள்ளைக்குப் பாதுகாப்புன்னு நினைக்கிறோம். யார் பொறுப்புன்னு சொல்லாத வரைக்கும், ஆள் கூடக் கூடத்தான் ஆபத்து.

அடுத்த வருஷம், 2024 மே மாசம், திரும்பத் திருச்செந்தூருக்கே போகணும்னு நான்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் ஆச்சரியமாப் பார்த்தார். போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுத் திண்ணையில எல்லாரும் உட்கார்ந்தோம். நம்ம குழுவுல தீர்மான நோட்டு எழுதுற மாதிரி, பையனோட பழைய ரப் நோட்டுல ஒரு பக்கத்தை எடுத்தேன். போன வருஷப் பயணத்துக்கு என்னென்ன வேலை செஞ்சோம்னு ஒண்ணொண்ணா எழுதச் சொன்னேன். பையன்தான் எழுதினான். முப்பத்தொரு வேலை வந்தது. அதுக்கு நேரா யார் செஞ்சதுன்னு எழுதச் சொன்னேன். இருபத்தேழுக்கு நேரா "அம்மா, அம்மா"ன்னு எழுதிக்கிட்டே வந்தான். கடைசியில அவனே நிமிர்ந்து, "என்னம்மா எல்லாமே நீயா"ன்னு கேட்டான்.

நான் ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. சண்டை போட்டிருந்தா ஒரு மணி நேரம் சண்டைதான் நடந்திருக்கும். நோட்டைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "டிக்கெட்டு, தண்ணி, பையன் இது மூணும் என் பொறுப்பு"ன்னார். எங்க அத்தை, "மாத்துத்துணிப் பையும் மருந்தும் நான் வச்சுக்கிறேன், பாப்பாவுக்குக் கதையும் நான் சொல்லிக்கிறேன்"னாங்க. பையன், "என் துணியை நானே என் ஸ்கூல் பையில எடுத்துக்கிறேன்"னான். எனக்குப் பாப்பாவும் சாப்பாடும். அவ்வளவுதான் தீர்மானம். கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். எங்க அத்தை கைநாட்டு வச்சாங்க.

பணத்துக்கும் நம்ம வழிதான். வாரம் ஐம்பது ரூபாய் ஒரு தகர டப்பாவுல போட்டு வந்தேன். நாற்பது வாரத்துல ரெண்டாயிரம் ஆச்சு. அதனால ஒரு ராத்திரி அங்க தங்க முடிஞ்சது. ஒரே நாளில் ஓடிப்போய் ஓடிவர வேண்டிய அவசியம் இல்லாமப் போச்சு. உள்கடன் வாங்கி ஊர் சுத்தாதீங்க. சிறுகச் சேர்த்துப் போனா திரும்பி வந்த பிறகும் நிம்மதி இருக்கும்.

பஸ்ஸை விட்டுட்டு ரயில்ல போனோம். பாலக்காட்டுல இருந்து திருச்செந்தூர் போற ரயில் பொள்ளாச்சி, பழனி, ஒட்டன்சத்திரம் வழியா நம்ம திண்டுக்கல்லுக்கு வந்து, மதுரை, திருநெல்வேலி வழியாப் போகுது. ஒரு தடவை ஏறினா இறங்க வேண்டாம். நாலு பஸ் மாறுறது மிச்சம். எல்லாத்தையும் விட, ரயில்ல கக்கூஸ் இருக்கு. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் தைரியமாத் தண்ணி குடிச்சேன். நேரம் அப்பப்ப மாத்துவாங்க, அதனால முதல் நாளே 139-க்குப் போன் பண்ணிக் கேட்டுக்கோங்க.

டிக்கெட் விவரமும் சொல்லிடுறேன், பல பேருக்குத் தெரியறதில்லை. ரயில்ல 5 வயசு ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். 5-ல இருந்து 12 வயசுக்குள்ள இருந்தா சாதாரணப் பெட்டியில அரை டிக்கெட். முன்பதிவுப் பெட்டியில அந்தப் பிள்ளைக்குத் தனி இடம் கேட்டா முழு டிக்கெட். நம்ம அரசு பஸ்ஸுல முன்னாடி 3 வயசு வரைக்கும்தான் டிக்கெட் இல்லாம இருந்தது, 2022-ல அதை 5 வயசு வரைக்கும்னு அறிவிச்சாங்க. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல 2021 மே மாசத்துல இருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லைன்னு உங்களுக்கே தெரியும். கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: பெரிய பஸ் ஸ்டாண்டுகள்ல 2015-ல இருந்து தாய்மார்கள் பாலூட்டும் அறை வச்சிருக்காங்க. முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு வெயில்ல உட்கார வேண்டாம். பூட்டிக் கிடந்தா திறக்கச் சொல்லிக் கேளுங்க. அது நமக்காகக் கட்டினது.

இப்ப பிள்ளைங்க வாந்தி விஷயம். எங்க அங்கன்வாடி டீச்சர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டேன். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. கிளம்புறதுக்கு ஒண்ணரை ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம், பால், கலர் வேண்டாம். பஸ்ஸா இருந்தா முன்பக்கம், ஜன்னல் ஓரம் உட்கார வச்சு, தூரத்துல பார்க்கச் சொல்லணும். அந்த நேரத்துல போனைக் கையில கொடுத்தா தலை குனிஞ்சு பார்த்துப் பார்த்தே குமட்டும். பெரியவங்க மாத்திரையைப் பாதி உடைச்சுக் கொடுக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. அது கூடவே கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்கணும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ரெண்டு கையோட வச்சுக்கோங்க. ஒரு பாக்கெட்டை, அதுல போட்டிருக்கிற அளவு சுத்தமான தண்ணியில முழுசாக் கரைக்கணும். டம்ளர் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமாத் தட்டிப் போடக்கூடாது. கரைச்சதை ஒரு நாளைக்கு மேல வைக்கக்கூடாது. பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து போடணும். வாந்தி எடுத்த உடனே மடக் மடக்குனு கொடுக்காம, ஒரு பத்து நிமிஷம் விட்டு, கரண்டி கரண்டியாக் கொடுங்க.

சாப்பாட்டுக்கு நான் அந்தத் தடவை ரெண்டரை மணிக்கு எந்திரிக்கலை. இட்லியும் பொடியும், ஒரு சீப்பு சிறுமலைப் பழமும்தான். வழியில மதியத்துக்குத் தயிர்ச்சோறு வாங்கிக்கிட்டோம். "வாங்கித் தின்னா என்ன குறைஞ்சிருவோம்"னு எங்க அத்தையே சொன்னாங்க. ஒரு வருஷம் முன்னாடி அவங்க அப்படிச் சொல்லுவாங்கன்னு யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.

பாப்பாவுக்கு அந்த ஒரு வருஷத்துல அப்பா பேரு, அம்மா பேரு, ஊர்ப் பேரு மூணையும் பாட்டாச் சொல்லிக் கொடுத்துட்டோம். கிளம்புற அன்னைக்குக் காலையில ரெண்டு பிள்ளையையும் வாசல்ல நிறுத்திப் போன்ல ஒரு போட்டோ எடுத்தோம். உடுப்பு மாத்தினா திரும்ப ஒரு போட்டோ. என்ன கலர்னு யாராவது கேட்டா வாய் வரலைன்னாலும் போனைக் காட்டலாம். முழங்கைக்குக் கீழே பேனாவால ரெண்டு போன் நம்பர் எழுதிவிட்டோம். திருவண்ணாமலை தீபத்துக்குக் காவல்துறையே சின்னப் பிள்ளைங்க கையில போன் நம்பர் எழுதின பட்டை கட்டி விடுறாங்க. வடக்க கும்பமேளா நடக்குற, அப்ப அலகாபாத்னு பேரு இருந்த ஊர்ல, 1946-ல ராஜாராம் திவாரின்னு ஒருத்தர், கூட்டத்துல வழி தெரியாம நின்ன ஒரு வயசான அம்மாவை வீட்டோட சேர்த்துவச்சதுல ஆரம்பிச்சு, காலம் பூரா தொலைஞ்சவங்களுக்காகவே ஒரு முகாம் நடத்தினாராம். ஆரம்பத்துல மைக் எல்லாம் கிடையாதாம், தகரத்தைக் குழல் மாதிரி சுருட்டி அதுல கத்திக் கூப்பிடுவாராம். பேப்பர்ல படிச்சதும் எனக்கு அந்தச் சிப்பி விக்கிற அம்மா ஞாபகம்தான் வந்தது. பிள்ளை தொலையறது தாய்க்குத் துப்பில்லாததால இல்லை. கூட்டம்னா அப்படித்தான். அதுக்குத் தகுந்த ஏற்பாடுதான் வேணும். பிள்ளையைக் காணோம்னா வெட்கப்பட்டுக்கிட்டு நாமே தேடிக்கிட்டு நிக்காம, உடனே 112 இல்லைன்னா பிள்ளைகளுக்கான 1098-க்குக் கூப்பிடுங்க. ரயில்லயும் ஸ்டேஷன்லயும் 139. ஒருத்தர் மட்டும் கடைசியாப் பிள்ளை நின்ன இடத்தை விட்டு நகரக்கூடாது.

எல்லாத்துக்கும் மேல அந்த ஒரு சட்டம். பிள்ளை கை மாறும்போது வாய் திறந்து சொல்லணும். "பாப்பா இப்ப உங்க கையில." வாங்கிக்கிறவங்க, "ஆமா, என் கையில"ன்னு பதில் சொல்லணும். பதில் வராத வரைக்கும் அது சொன்னவங்க பொறுப்புதான். முதல்ல எங்க அத்தைக்கு ஒரே சிரிப்பு. "என்னடி ரேஷன் கடையில எடை போடுற மாதிரி"ன்னாங்க. திண்டுக்கல் ஸ்டேஷன்ல இருந்தே ஆரம்பிச்சோம்.

மதுரையில ரயில் நின்னுச்சு. எங்க வீட்டுக்காரர் தண்ணி பிடிக்க பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வேகமா இறங்கினார். பையன் அவர் பொறுப்பு. பழக்கதோஷம், சொல்லாமலே இறங்கிட்டார். பையன் அவர் பின்னாடியே வாசல் வரைக்கும் போனான். நான் பாப்பாவுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தேன், கவனிக்கலை. அவன் வாசல்ல நின்னுக்கிட்டு, பிளாட்பாரத்துல போற அப்பாவைப் பார்த்து, "அப்பா, நான் இப்ப யார் கையில?"ன்னு சத்தமாக் கேட்டான்.

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவர் அப்படியே நின்னுட்டார். திரும்பி வந்து, அவனைத் தூக்கி உள்ள நிறுத்தி, என்னைப் பார்த்து, "இவன் இப்ப உன் கையில"ன்னார். நான், "ஆமா, என் கையில"ன்னேன். அப்புறம்தான் தண்ணிக்குப் போனார். அந்த நிமிஷம் அவர் முகத்தை நான் பார்த்தேன். போன வருஷம் கடற்கரையில என்னைக் கேட்ட கேள்வி அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்னு நினைக்கிறேன். நான் கேட்கலை. அவரும் சொல்லலை.

எல்லாமே நல்லபடியா நடந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். திருநெல்வேலி தாண்டினதும் பையன் வாந்தி எடுத்தான். ஆனா அன்னைக்கு அதை அவன் அப்பாதான் கழுவினார். எங்க அத்தை ஒரு நிமிஷத்துல மாத்துச்சட்டையை எடுத்துக் கொடுத்தாங்க. நான் எந்திரிக்கவே இல்லை. எந்திரிக்காம உட்கார்ந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. கை தன்னால பரபரன்னு வந்தது. அடக்கிக்கிட்டு உட்கார்ந்தேன். சகோதரிகளே, இதையும் சொல்லணும். வேலையைப் பிரிச்சுக் கொடுத்துட்டா, அவங்க செய்யறது நம்ம மாதிரி இல்லைன்னு பிடுங்கக் கூடாது. அவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுவிட்டார். இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். திருச்செந்தூர் வரைக்கும் அவன் அப்படியேதான் வந்தான்.

மறுநாள் விடியக்காலம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கடலுக்குப் போனோம். எங்க வீட்டுக்காரர் ரெண்டு பிள்ளையையும் ரெண்டு கையில பிடிச்சுக்கிட்டுத் தண்ணியில நின்னார். "ரெண்டு பேரும் என் கையில, நீ சித்த உட்காரு"ன்னார். நான் மணல்ல உட்கார்ந்தேன். எனக்கு முப்பது வயசு தாண்டியாச்சு. திருச்செந்தூருக்கு அது மூணாவது தடவை. கடலை அன்னைக்குத்தான் பார்த்தேன். சூரியன் தண்ணியில இருந்து மேலே வந்து முழுசாக் கிளம்புற வரைக்கும், நடுவுல யாரும் என்னை எதையும் எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிடலை.

அந்தச் சிப்பி விக்கிற அம்மாவைத் தேடினேன், காணோம். வேற ஒரு கடையில பாப்பாவுக்கு ஒரு சிப்பி மாலை வாங்கினேன்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுத் தேரை மட்டும் நாம ஒருத்தியாவே இழுத்துக்கிட்டு இருக்கோம். குழுவுல சேமிப்பு, கடன், கணக்கு எல்லாம் கத்துக்கிட்டோம். இது மூணையும் விட எனக்குப் பெருசாத் தெரியறது, பொறுப்பைப் பிரிச்சு, அதை வாய்விட்டுச் சொல்லி, எழுதி வைக்கிற பழக்கம்தான். அதைக் கூட்டம் நடக்கிற மண்டபத்துலயே விட்டுட்டுப் போகாம, வீட்டுத் திண்ணைக்கும் கொண்டு போங்க. வர்ற கோடை லீவுக்கு எங்க போறதா இருந்தாலும், பழனியோ, வேளாங்கண்ணியோ, நாகூரோ, அம்மாச்சி வீடோ, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு நோட்டை எடுத்து உட்காருங்க. பிள்ளைகளையும் கூட உட்கார வைங்க. அவங்கதான் நம்ம எல்லாரையும் விடச் சட்டத்தை ஞாபகம் வச்சுக்கிறாங்க.

என் பையன் இப்பவும், பள்ளிக்கூட வாசல்ல அவனை இறக்கி விட்டா, உள்ள நிக்கிற டீச்சரைப் பார்த்துட்டுத் திரும்பி, "அம்மா, இப்ப நான் டீச்சர் கையில, நீ போகலாம்"ன்னு சொல்லிட்டுத்தான் போறான்.